நிழல் உள்ள தெரு: குழந்தைகளோடு சென்னைக்குக் குடிவருகிறவர்கள் இடம் பார்க்கும் முறை

மே மாத நண்பகலில் தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி, வேளச்சேரி சாலையில் கிறித்துவக் கல்லூரி மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். வாடகை கூடினாலும் சிலர் ஏன் சில தெருக்களை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்பது புரிந்துவிடும். மதிலுக்கு மேல் கிளைகள் கவிந்த இடத்தில் மூச்சு சீராகும். மரம் இல்லாத இடம் வந்ததும் செருப்பைத் தாண்டித் தார் சுடும்.

2014-இல் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் திருச்சியிலிருந்து வந்தபோது எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் தெரியும். மரம் இருந்தால் நல்ல இடம் என்று நம்பி, தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் வேம்பும் மாமரமும் நின்ற ஒரு தரைத்தள வீட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பேசி முடித்தேன். மறு வருடம் டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாற்று வெள்ளம் அந்தத் தெருவுக்குள் வந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேல் வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். அவளுடைய முதல் பள்ளிப் புத்தகங்கள் சேற்றோடு போயின.

அதன் பிறகு சேலையூர்ப் பக்கம் வந்து நிலைத்தோம். ஊரிலிருந்து வந்த உறவினர்கள், அலுவலக நண்பர்கள் என்று பதினைந்து குடும்பங்களுக்காவது வீடு பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். அவர்களுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சென்னையில் பசுமையும் தண்ணீரும் ஒரே தாழ்வாரத்தில் குடியிருப்பவை. மரத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் தண்ணீரை விசாரியுங்கள்.

தூரத்தை நேரத்தில் அளந்து பாருங்கள்

முதல் வேலை, ஒரு காகிதத்தில் எழுதுவது. இருவரும் வேலைக்குப் போகிறீர்களா, அலுவலகம் எங்கே, வாரத்தில் எத்தனை நாள், குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வரப்போகிறார்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவார்களா. இது தெளிவாகாமல் தெருத் தெருவாக அலைவதில் பயனில்லை.

சென்னையில் ஐந்து கிலோமீட்டர் பதினைந்து நிமிடத்திலும் முடியும், ஐம்பது நிமிடத்திலும் முடியும். மின்சார ரயில் ஓடும் பாதையில் இந்தக் கவலை குறைவு. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஏறத்தாழ அரை மணி, கடற்கரைக்கு ஒரு மணி. ஆகவே புறநகரில் வீடு பார்ப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரயில் நிலையத்துக்கு நடந்தோ பத்து நிமிட பஸ்ஸிலோ போக முடியுமா என்பதுதான். வரப்போகும் மெட்ரோ நிலையத்தைக் காட்டி வாடகையை உயர்த்திச் சொல்வார்கள். நிலையம் திறந்த பிறகு அந்த வாடகை கொடுக்கலாம். இன்றைய நெரிசலை வைத்தே கணக்குப் போடுங்கள்.

கிண்டி, தரமணிப் பக்கம் வேலை என்றால் அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகர், பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகியவை நிழலுக்குப் பெயர் போனவை. வாடகையும் அதற்கேற்ப இருக்கும். அவ்வளவு முடியாதவர்கள் ரயில் பாதையை ஒட்டித் தெற்கே வரலாம்: நங்கநல்லூர், சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம். அம்பத்தூர், பாடி தொழிற்சாலைகளில் வேலை என்றால் அண்ணா நகரும் முகப்பேரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்களுக்குத் தாம்பரம் இடைவழியில் இருக்கிறது.

மனத்துக்குப் பிடித்த இடம் ஒன்றிரண்டு தேறியதும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தபோது இருபது நிமிடம் என்று நினைத்த மேடவாக்கம் வழிப் பயணம் திங்கட்கிழமை வேறு முகம் காட்டும்.

எந்தப் பச்சை நிலைக்கும்?

மரங்கள் தெரிகின்றன என்றால் அவை யாருடைய மரங்கள் என்று கேட்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் கண்ணெதிரே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, நிறுவனப் பச்சை. அடையாற்றில் 1882-இல் வந்து அமர்ந்த பிரம்மஞான சபையின் தோப்பு, திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா வளாகம், 1959-இல் தொடங்கிய ஐஐடி, அதை ஒட்டி 1978-இல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்த கிறித்துவக் கல்லூரியின் 300 ஏக்கருக்கு மேற்பட்ட காடு, வண்டலூர் உயிரியல் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு. இவை எளிதில் மனையாகிவிடாது. பூட்டிய கதவுக்கு அப்பால் இருந்தாலும் சுற்றியுள்ள தெருக்களுக்குக் காற்றும் பறவையும் அங்கிருந்து வருகின்றன. தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். 1928-இல் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையை அமைத்த இடம் அது. மருந்தைவிட நல்ல காற்றை நம்பிய காலத்தில் மருத்துவர் ஒருவர் தேர்ந்தெடுத்த மண் என்பது எனக்கு இன்றும் ஒரு நற்சான்றாகவே படுகிறது.

இரண்டு, சாலை மரங்கள். அண்ணா நகர் இதற்கு உதாரணம். 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டுவசதி வாரியம் அகலமான தெருக்களும் பூங்காக்களுமாகத் திட்டமிட்டுக் கட்டிய பகுதி. கண்காட்சியின்போது எழுப்பிய கோபுரம்தான் இன்றும் டவர் பூங்காவில் நிற்கிறது. இந்த மரங்கள் பொதுச் சொத்து. சாலையை அகலப்படுத்தினால் போகும், இல்லையென்றால் நிற்கும்.

மூன்று, வீட்டுத் தோட்டப் பச்சை. சேலையூர், சிட்லபாக்கம், நங்கநல்லூர் தெருக்களின் அழகு இதுதான். தனி வீடு, முன்னால் பவழமல்லி, பின்னால் தென்னையும் மாவும். இதை நம்பி மட்டும் வராதீர்கள். வீட்டுக்காரருக்கு வயதாகிறது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஒரு நாள் பில்டர் வந்து பேசுகிறார். அடுத்த வருடம் அங்கே எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி நிற்கும். மண் தெரியாமல் கார் நிறுத்துமிடம் வரை சிமென்ட் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து தோட்டங்கள் இப்படிப் போயின. தெருவில் நடக்கும்போது பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளை எண்ணுங்கள். அத்தனையும் விரைவில் கட்டடமாகப் போகிறவை.

காலி மனைகளில் மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தைப் பார்த்துப் பசுமை என்று ஏமாற வேண்டாம். அது அடுத்த கட்டடத்துக்குக் காத்திருக்கும் புதர்.

மழைத் தண்ணீர் எங்கே போகிறது?

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

சென்னையின் தென்புறநகர் ஏரிகளின் நாடு. ஏரி தனியாக இருக்காது. ஒன்று நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியே வழிந்தால் அடுத்ததற்குப் போகும். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து ஏரி ஏரியாக இறங்கி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் தாண்டிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்து கோவளம் கழிமுகம் வரை. இந்தப் பாதையில் எங்கெல்லாம் வீடு நிற்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற பள்ளிக்கரணையில் எஞ்சியிருப்பது பழைய சதுப்பு நிலத்தின் ஒரு பகுதிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்கு அடையாறுதான் எஜமான். கோட்டூர்புரம் போன்ற பெயர் பெற்ற இடத்திலும் ஆற்றங்கரைத் தெருக்கள் 2015-இல் மூழ்கின.

ஊர்ப் பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏரிக்கரைத் தெரு என்று பெயர்ப்பலகை இருந்து ஏரி கண்ணில் படாவிட்டால், நீங்கள் நிற்கும் இடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அதை அடுத்த நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு உண்டு. பெயரே பாதி விசாரணையை முடித்துக் கொடுத்துவிடும்.

வெள்ள வரலாற்றைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். அவர் பொய்யர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் பகலில் வந்து பகலில் போகிறவர். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர், பால் போடுகிறவர் ஆகியோரைக் கேளுங்கள். சேலையூரில் வீடு பார்த்தபோது இஸ்திரி வண்டி அக்காவிடம்தான் கேட்டேன். "அக்கா, போன மழைக்கு இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்றேன். அவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இந்தத் தெருவில் கணுக்கால் வரை வந்தது தம்பி, மறுநாள் வடிந்துவிட்டது. பின் தெருவில் இடுப்பளவு. நீங்கள் பார்க்கப் போகிற வீடு எந்தப் பக்கம்?" என்றார். முந்நூறு அடி தூரத்தில் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம். ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிடத் தெருவைத் தேர்ந்தெடுப்பது முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது அன்றிலிருந்துதான்.

சுவர்களும் பேசும். மின்சார மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்தில், ஸ்டூல் போட்டுப் படிக்கும் உயரத்தில் இருக்கிறதா? அதற்குக் கீழே பழைய பெட்டியின் ஆணித் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்த வட்டங்கள் தெரிகின்றனவா? ஒருமுறை நனைந்த பிறகு மேலே ஏற்றியிருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் மூன்றடிக்குக் கீழே மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறதா? கதவின் அடிப்பலகை மட்டும் புதிதா? தெருவிலிருந்து வாசலுக்கு ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? சாலையைப் பழையதன் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதால் பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்து போய்விட்டன. இறங்கிப் போகும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முடிந்தால் நவம்பரில் வாருங்கள். எங்கள் இப்போதைய தெருவை ஒரு நவம்பர் தூறலில்தான் பார்த்தேன். நானும் வீட்டுக்காரரும் அட்வான்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது மகள் என் பையிலிருந்த ரசீதை மடித்துக் கப்பல் செய்து வாசலில் ஓடிய தண்ணீரில் விட்டாள். கப்பல் எங்கள் வாசலைத் தாண்டி, திருப்பத்தில் தேங்காமல், கிழக்கே ஏரிப்பக்கம் போகும் வடிகாலில் இறங்கியது. சரிவு எந்தப் பக்கம் என்பதற்கு அதைவிடத் தெளிவான வரைபடம் எனக்குக் கிடைத்திருக்காது.

கோடையில் குழாயில் என்ன வருகிறது?

நவம்பரில் மிகுந்த தண்ணீர் மே மாதத்தில் காணாமல் போகும் ஊர் இது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், பூண்டி, செங்குன்றம், சோழவரம் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்கு இரவு இரண்டு மணிக்குக் குடத்தோடு நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

நான்கு கேள்விகள் போதும். மாநகராட்சி அல்லது மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கடந்த மே மாதம் வற்றியதா? ஒரு மாதத்துக்கு எத்தனை லாரி வாங்கினார்கள், செலவை யார் ஏற்றார்கள்? பாதாளச் சாக்கடை உண்டா, கழிவுநீர்த் தொட்டியா? கடைசிக் கேள்வி முக்கியம். கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பழைய மனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளியலறைக் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்து உப்புப் படிந்திருந்தால் தண்ணீரின் குணம் தெரிந்துவிட்டது. ஒரு பாட்டிலில் பிடித்துப் போய், கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை (டிடிஎஸ்) சோதியுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே குடிநீருக்கு ஏற்றது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே விதி. அந்தத் தண்ணீரில் குழந்தையின் தலைமுடி படும் பாட்டைத் தாய்மார்களிடம் கேளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குழாய் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறதா என்று பார்த்தால் போதாது. அது இறங்கும் குழியின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கூழாங்கல்லும் மணலும் இருந்தால் அந்த வீட்டுக்காரர் பொறுப்பானவர்.

பள்ளிக்கு நடந்து போக முடியுமா?

புகழ்பெற்ற பள்ளி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேன் பயணத்துக்குக் குழந்தையை ஒப்புக்கொடுக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. ஆறரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேனில் ஏறி, மாலை ஐந்துக்கு வாடி வரும் குழந்தைக்குத் தெருவில் மரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஐந்தாம் வகுப்பு வரையாவது பக்கத்துப் பள்ளி என்பது என் கருத்து. அரசுப் பள்ளிகளையும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவினருக்கு நுழைவு வகுப்பில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்குத் தமிழ்நாட்டில் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தத் தகுதி உள்ள குடும்பம் என்றால் முதலில் பள்ளி, பிறகு வீடு என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முகவரிச் சான்றும் அந்த வீட்டுக்கே மாற்றியிருக்க வேண்டும்.

பள்ளியை மாலை விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகள் எந்தச் சாலையைக் கடக்கிறார்கள், கடக்க யார் உதவுகிறார்கள், வேன்கள் எப்படித் திரும்புகின்றன என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரியும்.

இரண்டு வேளை நடை

வீட்டை முடிவு செய்யும் முன் குழந்தையை அழைத்துக்கொண்டு மாலை ஐந்தரைக்கு ஒரு நடை, நீங்கள் மட்டும் இரவு ஒன்பதரைக்கு ஒரு நடை.

மாலையில் பூங்காவுக்குப் போங்கள். திறந்திருக்கிறதா, குழந்தைகள் பந்து விளையாட விடுகிறார்களா, ஊஞ்சல் சங்கிலி நல்ல நிலையில் இருக்கிறதா? நடைப்பயிற்சிப் பாதை மட்டும் போட்டுவிட்டு விளையாடத் தடை என்று பலகை வைத்த பூங்கா குழந்தை உள்ள குடும்பத்துக்கு உதவாது. தெருவிலேயே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்களா என்பதைவிட நல்ல அடையாளம் இல்லை. திண்ணையிலோ வாசற்படியிலோ பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் குழந்தையைப் பார்க்கும் கண்கள் அங்கே உண்டு. கிளை நூலகம் எங்கே என்று கேளுங்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு எத்தனை தொலைவிலிருந்தும் வர ஏற்றது. ஆனால் மாதம் ஒருமுறைதான் முடியும். பக்கத்து நூலகத்துக்குக் குழந்தை தானே நடந்து போகும்.

இரவில் பார்க்க வேண்டியவை வேறு. விளக்கு எத்தனை எரிகிறது, நாய்கள் கூட்டமாகத் திரிகின்றனவா, மருந்துக்கடை திறந்திருக்கிறதா. பெருங்குடி குப்பைக் கிடங்கின் பக்கம் என்றால் காற்று திரும்பும் நேரத்தில் நாற்றம் வருகிறதா என்பதையும், விமானப் பாதையில் இருக்கும் பம்மல், அனகாபுத்தூர், பழவந்தாங்கல் பக்கம் என்றால் இரவு விமானச் சத்தத்தில் குழந்தை தூங்குமா என்பதையும் அங்கேயே நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தடி வீட்டின் சங்கதிகள்

சென்னையில் மேற்கு வெயில்தான் வீட்டைச் சுடவைக்கும். மேற்குச் சுவருக்கு மர நிழல் விழும் வீடு கிடைத்தால் விடாதீர்கள். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் ஜன்னல் இருக்க வேண்டும், அடைத்துக்கொண்டு அடுத்த கட்டடம் நிற்கக் கூடாது. மேல்மாடியில் கடைசித் தளம் என்றால் தளத்தின் மேல் வெள்ளை ஓடு அல்லது வெப்பம் தாங்கும் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

எந்த மரம் என்பதும் பொருட்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது எங்கள் தெருவில் விழுந்தவை பெருங்கொன்றையும் குல்மொஹரும். வீட்டுச் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் நொறுங்கியது. நூறடி தள்ளி நின்ற வேம்பும் பூவரசும் இலை உதிர்ந்து நின்றன, வேர் அசையவில்லை. வீட்டை ஒட்டிப் பெரிய கிளை சாய்ந்திருந்தால் மழைக்கு முன்பே கழித்துவிட வேண்டும். தெருவோர மரம் என்றால் மாநகராட்சிக்கு மனு கொடுங்கள். நீங்களே வெட்டக் கூடாது.

முருங்கை வாசலில் நின்றால் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் கம்பளம் விரித்தது போல அப்பிக்கிடக்கும். குழந்தை தொட்டுவிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். காட்டோரத் தெரு என்றால் பாம்பு வரும். பார்த்ததும் அடிக்காமல் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். உதிர்ந்த இலை மொட்டை மாடி வடிகாலை அடைத்தால் கொசு பெருகும். வாரம் ஒருமுறை கூட்டியாக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகும் குயில் சத்தத்தில் விழிக்கும் வீடு வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு வேண்டும்.

வாடகைக்கு ஒரு வருடம், பிறகு வாங்குங்கள்

வந்த வேகத்தில் மனையோ அடுக்குமாடி வீடோ வாங்காதீர்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் அந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்து கழியுங்கள்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர் லாரிச் செலவு, பெயின்ட் அடிக்கப் பிடித்தம், மின் கட்டணம் ஆகிய மூன்றையும் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். முடிச்சூர் வீட்டைக் காலி செய்தபோது சுவரில் வெள்ளம் படிந்த கறைக்கும் எங்கள் அட்வான்ஸிலிருந்து பெயின்ட் செலவு கழிக்கப்பட்டது. எழுத்தில் எதுவும் இல்லாததால் வாதாட வழியில்லை.

வாங்கும் காலம் வந்தால் பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணோ அதை ஒட்டியதோ ஏரி, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்பதை நீங்களே ஒருமுறை பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து நேரில் போய் நில்லுங்கள். பூங்காவாக இருக்கிறதா, கட்டுமானக் கற்கள் கொட்டிக் கிடக்கின்றனவா, யாராவது வேலி போட்டிருக்கிறார்களா? உங்கள் குழந்தை விளையாட வேண்டிய இடம் அதுதான்.

வந்த பிறகு

பள்ளித் திறப்புக்கு முன், மே மாதக் கடைசியில் குடிவருவது வசதி. முதல் வாரத்திலேயே குடியிருப்போர் நலச் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். தண்ணீர் திறக்கும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், மழைக்கு முன் வடிகால் தூர் வாரியதா இல்லையா எல்லாம் அங்கேதான் தெரியும். மின் தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-ஐக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். சிட்லபாக்கம் ஏரி மீண்டதில் குடியிருப்பவர்களின் விடாப்பிடிக்குப் பெரிய பங்கு உண்டு. சனிக்கிழமை காலைகளில் கையுறை போட்டுக்கொண்டு குப்பை அள்ளியவர்களில் உங்களைப் போல வேறு ஊரிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

கன்று நடுவதென்றால் ஐப்பசி மழையோடு நடுங்கள். புங்கை, வேம்பு, மகிழம், பூவரசு எது வேண்டுமானாலும் வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே உயர வளரும் மரம் வேண்டாம். மாடு மேயாமல் கூண்டு போட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பெயரை ஒவ்வொரு கன்றுக்கும் எழுதி வையுங்கள். 2017-இல் எங்கள் தெருவில் பன்னிரண்டு கன்றுகள் வைத்தோம், ஏழு பிழைத்தன. மகள் பொறுப்பில் விட்ட புங்கை அவற்றில் ஒன்று. இஸ்திரி அக்கா இப்போது வண்டியை அதன் கீழே நகர்த்திக்கொண்டார். வீடு பார்க்க வருகிறவர்கள் மழை பற்றி விசாரிப்பதும் அந்த நிழலில் நின்றுதான்.